நான்காம் இடம் போதுமாக இருந்தது: அபுதாபி 2010, ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஃபார்முலா 1 பருவத்தில் மொத்தம் 19 பந்தயங்கள். 18 முடிந்த பிறகும் சாம்பியன் யார் என்று தெரியவில்லை. கடைசிப் பந்தயம் நவம்பர் 14 அன்று அபுதாபியின் யாஸ் மரினா தடத்தில், 55 சுற்று. அதற்குள் நுழையும்போது நான்கு பேருக்குக் கோப்பை வாய்ப்பு இருந்தது. கடைசிப் பந்தயம் வரை நான்கு பேர் கணக்கில் நின்றது ஃபார்முலா 1 வரலாற்றில் அதுதான் முதல் முறை.

ஃபெராரியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 246 புள்ளி. ரெட் புல்லின் மார்க் வெப்பர் 238. அதே அணியின் செபாஸ்டியன் வெட்டல் 231. மெக்லாரனின் லூயிஸ் ஹாமில்டன் 222. பந்தயம் முடிந்தபோது வெட்டல் 256, அலோன்சோ 252. எட்டுப் புள்ளி முன்னிலையில் வந்தவர் நான்கு புள்ளியில் தோற்றார்.

இந்தப் பந்தயம் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: ஃபெராரி வெப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெட்டல் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார். தப்பான ஆளைக் காவல் காத்தார்கள் என்பது தீர்ப்பு. இதில் பாதிதான் உண்மை. அன்று ஃபெராரி வெப்பரைக் காவல் காத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. கோளாறு வேறு இடத்தில். அதைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் கணக்கு போட்டாக வேண்டும்.

கணக்கு

புதிய புள்ளி முறை வந்த முதல் ஆண்டு அது. வெற்றிக்கு 25, அடுத்தடுத்து 18, 15, 12, 10, 8, 6, 4, 2, பத்தாம் இடத்துக்கு 1.

வெப்பர் ஜெயித்தால் அவருக்கு 263. அலோன்சோ இரண்டாவது வந்தால் 264, தப்பித்தார். மூன்றாவது வந்தால் 261, போச்சு. வெட்டல் ஜெயித்தால் அவருக்கு 256. அப்போது அலோன்சோவுக்கு நான்காம் இடம் போதும், 258 ஆகிவிடும். ஹாமில்டனுக்கு அதிசயம் தேவைப்பட்டது. அவர் ஜெயித்தும் அலோன்சோ ஒரு புள்ளிகூட எடுக்காமல் இருக்க வேண்டும், மற்ற இருவரும் சரிய வேண்டும்.

வெட்டல் ஜெயித்து அலோன்சோ ஐந்தாவது வந்திருந்தால்? இருவருக்கும் 256. சமநிலை வந்தால் வெற்றிகளை எண்ணுவது விதி. ஆளுக்கு 5 வெற்றி. சரி, இரண்டாம் இடங்கள்? ஆளுக்கு 2. மூன்றாம் இடங்கள்? ஆளுக்கு 3. நான்காம் இடங்களை எண்ணினால்தான் முடிச்சு அவிழும். வெட்டலுக்கு பஹ்ரைன், கனடா, இத்தாலி என்று மூன்று. அலோன்சோவுக்கு ஆஸ்திரேலியா, சீனா என்று இரண்டு. கோப்பை வெட்டலுக்கு. ஆக ஐந்தாம் இடம் என்பது அலோன்சோவைப் பொறுத்தவரை தோல்விதான்.

இந்த ஐந்தாம் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

அபுதாபிக்கு முன்

பிரிட்டன் பந்தயம் முடிந்தபோது அலோன்சோ 98 புள்ளியில் இருந்தார், முதலிடத்தில் இருந்த ஹாமில்டன் 145. 47 புள்ளி வித்தியாசத்தில் இருந்து மீண்டு வந்து அபுதாபிக்கு முதலிடத்தில் வந்தவர் அவர். இடையில் ஜெர்மனி, இத்தாலி, சிங்கப்பூர், கொரியா ஆகிய நான்கு பந்தயங்களை ஜெயித்தார்.

அதில் ஜெர்மனி வெற்றி சர்ச்சைக்குரியது. ஹாக்கன்ஹைமில் முன்னால் போய்க்கொண்டிருந்த சக ஃபெராரி ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவுக்கு ரேடியோவில் "ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக வருகிறார்" என்று செய்தி போனது. மாஸா வழிவிட்டார். அணி சொல்லி ஓட்டுநர்கள் இடம் மாறும் டீம் ஆர்டர் அப்போது தடைசெய்யப்பட்டிருந்ததால் ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. புள்ளி மட்டும் கையிலேயே இருந்தது. இரண்டாம் இடத்துக்குப் பதில் முதலிடம் என்றால் 7 புள்ளி லாபம்.

ரெட் புல் இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது. கொரியாவில் வெட்டல் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் புகைந்து நின்றது. வெப்பரும் அன்று மோதி வெளியேறியிருந்தார். அலோன்சோவுக்கு 25 புள்ளி. அடுத்த பந்தயம் பிரேசில். வெட்டல் முதல், வெப்பர் இரண்டாவது, அலோன்சோ மூன்றாவது. வெப்பர்தான் பட்டியலில் மேலே இருக்கிறார், அவருக்கு வெற்றியைக் கொடுத்தால் கோப்பைக்கு ஒரே புள்ளி தூரத்தில் அபுதாபிக்குப் போவாரே என்று பலரும் கேட்டார்கள். ரெட் புல் இடம் மாற்றச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெட்டல் 224 புள்ளியோடு அபுதாபிக்கு வந்திருப்பார். அங்கே ஜெயித்தாலும் 249தான். வெப்பருக்கு 245, அபுதாபியில் எடுத்த நான்கு புள்ளியைச் சேர்த்தால் அவருக்கும் 249. அலோன்சோ 252 புள்ளியோடு சாம்பியன் ஆகியிருப்பார். இது தீர்க்கதரிசனம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரே அணியில் இரண்டு பேரை வாய்ப்போடு விட்டுவைத்தால் எதிரணிக்கு இரண்டு பக்கமும் கண் தேவைப்படும், அவ்வளவுதான். அபுதாபியில் ஃபெராரிக்கு அந்த இரண்டாவது கண் திறக்கவில்லை.

தொடக்கமும் முதல் சுற்றும்

தகுதிச் சுற்றில் வெட்டல் போல் பொசிஷன், அதாவது முதலிடம். ஹாமில்டன் இரண்டு, அலோன்சோ மூன்று, ஜென்சன் பட்டன் நான்கு, வெப்பர் ஐந்து. ஃபெராரி நிம்மதியாகத் தூங்கியிருக்கும். மூன்றாம் இடத்தில் இருந்து கிளம்பி, வெட்டலே ஜெயித்தாலும் ஒரு இடத்தை இழக்கக்கூட வசதி உண்டு. அந்த ஒரு இடம் முதல் திருப்பத்திலேயே போனது. பட்டன் முந்திவிட்டார். வெட்டல், ஹாமில்டன், பட்டன், அலோன்சோ, வெப்பர் என்று வரிசை அமைந்தது.

அந்த நேரத்தில் அலோன்சோ சரியாக நான்காம் இடத்தில், வெட்டல் முதலில். அப்படியே முடிந்தால் 258-க்கு 256. ஆனால் இனி ஒரு இடம்கூட விடக் கூடாது. அவருக்குப் பின்னால் நேராக நிற்பவர் வெப்பர். வெப்பர் முந்தினால் அலோன்சோ ஐந்தாவது, கோப்பை வெட்டலுக்கு. அதாவது வெப்பரைத் தடுப்பதுதான் அந்தக் கணத்தில் வெட்டலைத் தடுப்பதும். ஃபெராரி வெட்டலை மறந்துவிட்டது என்று சொல்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

இந்தச் சமன்பாடு ஒரு சுற்றுகூட நிலைக்கவில்லை. முதல் சுற்றில் மைக்கேல் ஷூமாக்கரின் மெர்சிடிஸ் சுழன்று, வருகிற கார்களைப் பார்த்தபடி தடத்தில் திரும்பி நின்றது. விட்டான்டோனியோ லியூட்ஸியின் ஃபோர்ஸ் இந்தியா அதன்மேல் ஏறியது. ஷூமாக்கரின் தலைக்கு மிக அருகில் அதன் மூக்கு வந்து நின்றது. இருவருக்கும் காயமில்லை, அதிர்ஷ்டம். எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்த சிலர் டயர் மாற்ற உடனே தடத்தோரப் பிட்டுக்குள் நுழைந்தார்கள். மெர்சிடிஸின் நிகோ ராஸ்பெர்க், ரெனோவின் விட்டாலி பெட்ரோவ், டோரோ ரோஸோவின் ஹைமே அல்குவெர்சுவாரி ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

2010-இல் எரிபொருள் நிரப்பத் தடை வந்துவிட்டது. வறண்ட பந்தயத்தில் இரண்டு வகை டயரையும் ஒருமுறையாவது போட்டாக வேண்டும் என்ற விதி மட்டும் இருந்தது. அதனால் எல்லோருக்கும் குறைந்தது ஒரு பிட் ஸ்டாப் கட்டாயம். பிரிட்ஜ்ஸ்டோன் தந்த இரண்டில் கடினமான டயரோ நீண்ட தூரம் தாங்கக்கூடியது. முதல் சுற்றிலேயே உள்ளே போய் மாற்றியவர்கள் விதியை நிறைவேற்றிவிட்டார்கள். மிச்சம் 54 சுற்றையும் அதே டயரில் ஓட்டலாம். சாதாரண வேகத்தில் பிட்டுக்குப் போனால் இருபது நொடிக்குக் குறையாமல் இழப்பு. சேஃப்டி காருக்குப் பின்னால் எல்லோரும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது போனால், வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொண்டால் போதும். இழப்பு கொஞ்சம்தான்.

சேஃப்டி கார் விலகியபோது அட்டவணையில் ராஸ்பெர்க்கும் பெட்ரோவும் கீழே இருந்தார்கள். உண்மையில் அவர்கள் கீழே இல்லை. முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் இன்னும் கட்ட வேண்டிய கடனை அவர்கள் கட்டிவிட்டார்கள். அலோன்சோவின் நான்காம் இடத்துக்கு இப்போது வெப்பர் மட்டும் ஆபத்து இல்லை. எப்போது பிட்டுக்குள் போகிறார் என்பதைப் பொறுத்து இந்த இருவரும் ஆபத்து. 'வெப்பருக்கு முன்னால் இருப்பது' என்பதும் 'நான்காம் இடம்' என்பதும் முதல் சுற்று வரை ஒன்றாக இருந்தன. இரண்டும் பிரிந்தது இங்கேதான். ஃபெராரியின் பிட் வாலில், அதாவது அணியினர் அமர்ந்து முடிவெடுக்கும் தடத்தோரச் சுவரில், யாரும் அந்தப் பிரிவைக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

11 முதல் 15 வரை

வெப்பருக்கு மென்மையான டயர் சரிப்படவில்லை. தடுப்புச் சுவரிலும் ஒருமுறை உரசினார். 11-ஆம் சுற்றில் உள்ளே போய்க் கடின டயர் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், வந்ததும் நெரிசலுக்குள் விழுந்தார்.

இங்கே ஃபெராரிக்கு வந்த பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. முதலில் உள்ளே போய்ப் புது டயர் போட்டவர் வேகமாகச் சுற்றி, பின்னால் பிட்டுக்குப் போகிறவரை முந்திவிடுவது அந்த விளையாட்டின் அடிப்படைத் தந்திரம். அண்டர்கட் என்பார்கள். வெப்பர் அதைச் செய்துவிட்டால் அலோன்சோ அவருக்குப் பின்னால். பட்டியலில் இரண்டாவது இருப்பவர் வேறு. பருவம் முழுக்க அலோன்சோவுக்குப் போட்டி என்று ஃபெராரி எண்ணிவந்த ஆள் வேறு.

முதலில் மாஸாவை அனுப்பினார்கள். 13-ஆம் சுற்றில் அவர் உள்ளே போனார். வெப்பருக்கு முன்னால் வெளியே வந்து வழியை அடைக்க முடிந்தால் அலோன்சோவுக்கு நேரம் கிடைக்கும் என்பதுதான் அதற்குப் பொருள். முடியவில்லை. மாஸா அல்குவெர்சுவாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மிச்சப் பந்தயத்தை அங்கேயே கழித்தார், பத்தாவதாக முடித்தார். இந்தக் காட்சி ஃபெராரியின் கண் முன்னால்தான் நடந்தது. ஒரு ஃபெராரி கார் ஒரு டோரோ ரோஸோவைத் தாண்ட முடியாமல் திணறுகிறது. இன்னொரு ஃபெராரியை அதே கூட்டத்துக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடைத்திருக்காது.

15-ஆம் சுற்றில் அலோன்சோவைக் கூப்பிட்டார்கள்.

பிட் ஸ்டாப் சுத்தமாக நடந்தது. வெப்பருக்கு முன்னால் வெளியே வந்தார். எதற்காகக் கூப்பிட்டார்களோ அது நிறைவேறியது. ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் காலி என்பார்களே, அந்தக் கதைதான். அவருக்கு முன்னால் பெட்ரோவ், பெட்ரோவுக்கு முன்னால் ராஸ்பெர்க். இருவரும் இனி பிட் பக்கமே போகத் தேவையில்லாதவர்கள். இன்னும் நிற்காத மூன்று பேர், அதாவது வெட்டல், ஹாமில்டன், பட்டன், எப்படியும் அவர்களுக்கு மேலே. எண்ணிப் பாருங்கள்: மூன்று, ராஸ்பெர்க் நான்கு, பெட்ரோவ் ஐந்து, அலோன்சோ ஆறு. ரெனோவின் ராபர்ட் குபிட்சா நிற்காமல் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது தனி.

சேஃப்டி கார் விலகி அப்போது பத்துச் சுற்று அளவே ஆகியிருந்தது. முன்வரிசைக்கும் ராஸ்பெர்க்குக்கும் இடையே ஒரு பிட் ஸ்டாப்புக்குத் தேவையான இடைவெளி உருவாகவே இல்லை. இது ஊகிக்க வேண்டிய விஷயம் அல்ல. ஒவ்வொரு காரும் எத்தனை நொடி பின்னால் வருகிறது என்று பிட் வாலின் திரையில் சுற்றுக்குச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். 15-ஆம் சுற்றில் உள்ளே போனால் யாருக்குப் பின்னால் வெளியே வருவோம் என்பது போவதற்கு முன்பே தெரியும்.

பின் ஏன் கூப்பிட்டார்கள்? டயர் ஒரு காரணம். மென்மையான டயர் நீண்ட நேரம் தாங்காது என்ற எண்ணம் இருந்தது, வெப்பரின் திணறல் அதை உறுதிப்படுத்துவது போல இருந்தது. மாறாக, பிட்டுக்குப் போகாமல் தொடர்ந்து ஓட்டியவர்களுக்கு அந்த டயரின் மேற்பரப்பு ஆரம்பத்தில் சுருண்டு பிறகு தெளிந்து வேகம் திரும்பியது. இரண்டாவது காரணம் மாஸா. அவரை அனுப்பிய பிறகு 'வெப்பருக்குப் பதில் சொல்கிறோம்' என்ற பாதையில் ஏற்கெனவே ஒரு அடி வைத்தாகிவிட்டது. அது பலிக்காதபோது நின்று யோசிப்பதை விட்டு அடுத்த அடியை வைத்தார்கள். என் பார்வையில் இதுதான் பெரிய காரணம். 11-ஆம் சுற்றுக்கும் 15-ஆம் சுற்றுக்கும் இடையே சுமார் ஏழு நிமிடம் இருந்தது. பதற்றத்தில் எடுத்த ஒரு நொடி முடிவு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

வெப்பரை ரெட் புல் தூண்டிலாகப் பயன்படுத்தியது என்று ஒரு கதையும் உலவியது. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. அவரும் அந்தப் பிட் ஸ்டாப்பால் சாம்பியன் வாய்ப்பை இழந்து எட்டாவதாக முடித்தார். தன் கோப்பையைப் பலிகொடுக்க ஒரு ஓட்டுநர் தானே சம்மதிப்பார் என்று நினைக்க வெப்பரைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்க வேண்டும்.

பெட்ரோவ்

அடுத்த நாற்பது சுற்று அலோன்சோ பார்த்தது ரெனோவின் பின்சிறகு.

யாஸ் மரினாவில் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீண்ட நேர்பாதை ஒன்று உண்டு, அதை அடுத்து இன்னொரு நேர்பாதை. பார்த்தால் முந்துவதற்கென்றே போட்டது போல இருக்கும். ஆனால் நேர்பாதையில் முந்த வேண்டுமென்றால் அதற்கு முந்தைய மெதுவான திருப்பத்தில் இருந்து முன்காருக்கு ஒட்டி வெளியே வர வேண்டும். முன்கார் கிழித்துவிட்ட காற்றில் பின்காருக்குப் பிடிப்பு குறையும், திருப்பத்தில் விலகி வர நேரும். நேர்பாதையில் துரத்தி நெருங்குவதற்குள் பிரேக் பிடிக்கும் இடம் வந்துவிடும்.

ரெனோவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அந்த ஆண்டின் புதுமையான எஃப்-டக்ட். ஓட்டுநர் ஒரு துளையை அடைத்தால் காற்று பின்சிறகுக்குத் திருப்பிவிடப்பட்டு, சிறகு வேலை செய்வதை நிறுத்தும். இழுவை குறைந்து நேர்பாதையில் வேகம் கூடும். ஃபெராரியிடமும் அது இருந்தது. ரெனோ தாமதமாகக் கொண்டுவந்தாலும் அவர்களுடையது நன்றாகவே வேலை செய்தது. நேர்பாதையில் அலோன்சோவால் பக்கவாட்டில் வரவே முடியவில்லை.

பெட்ரோவ் ஃபார்முலா 1-இன் முதல் ரஷ்ய ஓட்டுநர், அதுவே அவருடைய முதல் பருவம். பல பந்தயங்களில் காரை மோதியவர். அடுத்த ஆண்டுக்கு இடம் உறுதியாகாத நிலை. அப்படிப்பட்டவர் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனவரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு பிரேக்கிங் பிழைகூட இல்லாமல் ஓட்டினார். பந்தயம் முடிந்து கார்கள் மெதுவாகத் திரும்பும்போது அலோன்சோ பக்கத்தில் வந்து கையை வீசிக் காட்டினார். எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தன் இடத்தைத் தான் காத்துக்கொள்வதுதான் பெட்ரோவின் வேலை. டிசம்பரில் ரெனோ அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது.

பெட்ரோவைத் தாண்டியிருந்தாலும் கதை முடிந்திருக்காது. இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோவைத் தாண்டினால் கிடைப்பது ஒரு இடம். நான்காம் இடம் ராஸ்பெர்க்கிடம் இருந்தது. அவரையும் தாண்ட வேண்டும். அதற்குள் 11-ஆவதாகக் கிளம்பிய குபிட்சா 46-ஆம் சுற்று வரை நிற்காமல் ஓட்டி, பிட் ஸ்டாப் முடித்து பெட்ரோவுக்கு முன்னாலேயே வெளியே வந்தார். இறுதி வரிசை: வெட்டல், ஹாமில்டன், பட்டன், ராஸ்பெர்க், குபிட்சா, பெட்ரோவ், அலோன்சோ, வெப்பர். அலோன்சோவுக்கும் கோப்பைக்கும் நடுவே மூன்று கார் நின்றது. பெட்ரோவ் மட்டும் நின்றிருந்தால் ஒருவேளை அவர் ஒரு பிழை செய்வார் என்று காத்திருக்கலாம்.

ரேடியோவில் அலோன்சோவின் இன்ஜினியர் ஆண்ட்ரியா ஸ்டெல்லா அவருடைய திறமை முழுவதையும் காட்டச் சொல்லி ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். வேறு சொல்வதற்கு அவரிடமும் எதுவும் இல்லை.

பட்டன் என்ன செய்தார்

'வேறு வழியில் போயிருந்தால்' என்று பேசுவது பெரும்பாலும் வீண் பேச்சு. இந்த வழக்கில் அப்படி இல்லை, ஏனென்றால் மாற்று வழியை ஒருவர் ஓட்டியே காட்டினார். அலோன்சோவுக்கு ஒரு இடம் முன்னால் போய்க்கொண்டிருந்த பட்டன் 39-ஆம் சுற்று வரை நிற்கவில்லை. ஹாமில்டன் 23-இல் நின்றார், வெட்டல் 24-இல். மூவரும் ராஸ்பெர்க்குக்கு முன்னால் முடித்தார்கள். பட்டன் மூன்றாவது.

பட்டனுக்கு ஒரு இடம் பின்னால் முடித்திருந்தால் அலோன்சோ சாம்பியன். அவ்வளவுதான் தேவை.

பட்டன் டயரைப் பதமாகக் கையாள்பவர், அலோன்சோவின் டயர் அவ்வளவு தூரம் தாங்கியிருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 39 வரை போக வேண்டிய அவசியம் இல்லை. ராஸ்பெர்க்கோடு இருபது நொடிச் சொச்சம் இடைவெளி வரும்வரை போயிருந்தால் போதும். அதற்குள் வெப்பர் அண்டர்கட் செய்துவிடுவாரே என்றால், வெப்பர் அதே பெட்ரோவுக்கும் ராஸ்பெர்க்குக்கும் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவர்களை அவர் தாண்டாத வரை அவருடைய புது டயரால் பயனில்லை. ராஸ்பெர்க்குக்கு முன்னால் வெளியே வந்தால் வெப்பருக்கும் முன்னால்தான் வந்திருப்பார். ஃபெராரி அஞ்சிய ஆளை அந்த இரண்டு கார்களே அடைத்து வைத்திருந்தன. அவரைத் தடுக்கப் போய் ஃபெராரி தன் காரையும் அதே அடைப்புக்குள் கொண்டுபோய் வைத்தது.

மூன்று ஆண்டுக்கு முன்

2007-இல் இதே நாடகம் வேறு நடிகர்களோடு நடந்தது. ஷாங்காயில் முன்னிலையில் இருந்த ஹாமில்டனைத் தேய்ந்துபோன டயரில் மெக்லாரன் நீண்ட நேரம் வெளியே வைத்திருந்தது. பிட் நுழைவில் வழுக்கி ஜல்லிக்குள் போய் நின்றார். தங்கள் போட்டி ஃபெராரியின் கிமி ராய்க்கோனனோடு அல்ல, அலோன்சோவோடுதான் என்ற பொருளில் அன்று பேசினார் மெக்லாரனின் ரான் டென்னிஸ். அலோன்சோ அப்போது அதே மெக்லாரனில்தான். கடைசியில் ராய்க்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109. கோப்பை ஃபெராரிக்குப் போனது.

அந்த 2007-இல் ராய்க்கோனனின் ரேஸ் இன்ஜினியர் கிறிஸ் டையர். 2010 அபுதாபியில் ஃபெராரியின் பிட் வாலில் வியூகத்துக்குப் பொறுப்பு வகித்தவரும் அவரே. மூன்றாவது ஆளைக் கணக்கில் எடுக்காத எதிரணியால் லாபம் அடைந்தவர், மூன்று ஆண்டு கழித்து மூன்றாவது ஆளிடம் தோற்றார்.

அப்புறம்

வெட்டலுக்குப் பந்தயத்தின்போது கோப்பைக் கணக்கு தெரியாது. கொடி விழுந்த பிறகும் மற்றவர்கள் கோட்டைக் கடக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னது அணி. அப்புறம்தான் ரேடியோவில் செய்தி வந்தது, அவர் அழுததை உலகமே கேட்டது. 23 வயது 134 நாள். அதுவரை யாரும் அவ்வளவு இளம் வயதில் சாம்பியன் ஆனதில்லை. அந்தப் பருவத்தில் எந்தக் கட்டத்திலும் புள்ளிப் பட்டியலில் அவர் முதலிடத்தில் இருந்ததில்லை, கடைசிப் பந்தயம் முடியும்வரை.

இத்தாலியில் அமைச்சர் ரொபெர்ட்டோ கால்டெரோலி ஃபெராரி தலைவர் லூகா டி மோன்டெசெமோலோ பதவி விலக வேண்டும் என்றார். அணியின் தலைமை நிர்வாகி ஸ்டெஃபானோ டொமெனிகாலி வியூகத்தில் தவறு நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். 2011 ஜனவரியில் டையர் அந்தப் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டு, மெக்லாரனில் இருந்து வந்திருந்த பேட் ஃப்ரை அந்த வேலைக்கு வந்தார். ரெட் புல்லில் வியூகம் வகுத்த நீல் மார்ட்டினையும் ஃபெராரி இழுத்துக்கொண்டது. ஒரு ஆளை மாற்றியதைவிட இரண்டாவது விஷயம் எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. அவரை வைத்து வியூகக் கணக்குக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

2011-இல் நேர்பாதையில் பின்சிறகைத் திறந்து முந்த உதவும் டி.ஆர்.எஸ். வந்தது. அபுதாபியில் அலோன்சோ பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லை. 2010 ஜூனிலேயே பந்தய விதிகளை வகுக்கும் அமைப்பான எஃப்.ஐ.ஏ. அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. யாஸ் மரினா தடத்தை மாற்றியமைத்தது 2021-இல்தான். வேகத்தைக் குறைக்கும் நெளிவான சிகேனை எடுத்துவிட்டு, திருப்பங்களை அகலமாக்கி, கார்கள் நெருங்கி ஓட வழி செய்தார்கள்.

அலோன்சோ ஃபெராரியில் அதற்குப் பிறகும் நான்கு பருவம் ஓட்டினார். 2012-இல் மறுபடி கடைசிப் பந்தயம் வரை வந்து, அதே வெட்டலிடம் 281-க்கு 278 என்று மூன்று புள்ளியில் தோற்றார். அந்த முறை பிட் வாலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பெல்ஜியத்திலும் ஜப்பானிலும் முதல் திருப்பத்திலேயே மற்றவர்கள் மோதியதில் இரண்டு பந்தயம் முழுசாகப் போயிருந்தது.